குப்பைத்தொட்டிப் பொத்தானுக்குப் பின்னால்

கேனன் 550டி கேமராவின் முதுகுப்பக்கம் குப்பைத்தொட்டிப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. எடுத்த படம் பிடிக்கவில்லை என்றால் அழிப்பதற்கு. வேறு ஜோலி அதற்குக் கிடையாது. படம் பார்க்காத நேரத்தில் எத்தனை தடவை அமுக்கினாலும் கேமரா கண்டுகொள்ளாது. வாங்கி இத்தனை வருடமாகியும் நான் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, ராத்திரி பதினொன்றரை மணி, எங்கள் வீட்டு மொட்டை மாடி அறை. சினிமாவில் உதவி ஒளிப்பதிவாளராக இருக்கும் தம்பி ஒருவன் என் கேமராவை வாங்கினான். அதிலிருந்த கார்டை உருவி மேஜையில் வைத்தான். தன் சட்டைப்பையிலிருந்து வேறு ஒரு கார்டை எடுத்துச் செருகினான். ஆன் செய்தான். மெனுவில் எதையோ அமுக்கினான். அணைத்து, மறுபடி ஆன் செய்தான். பிறகு, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற குரலில், "இப்ப அந்தக் குப்பைத்தொட்டிய அமுக்குங்கண்ணே" என்றான்.

அமுக்கினேன். ஐயோ!

என் கேமராவுக்குள் இன்னொரு கேமரா உட்கார்ந்திருந்தது. கறுப்புத் திரையில் வரிசையாகத் தாவல்கள்: எக்ஸ்போஷருக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று, ஃபோகஸுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் பத்துப் பதினைந்து சமாசாரங்கள். ஃபோகஸ் விழுந்த விளிம்புகளில் மட்டும் புள்ளி புள்ளியாக நிறம் பூசிக் காட்டும் பீக்கிங். வெளிச்சம் வெந்துபோன இடத்தில் கோடு போடும் ஜீப்ரா. டிவி ஸ்டேஷன் மானிட்டரில் மட்டுமே நான் பார்த்திருந்த வேவ்ஃபார்ம். இத்தனை நொடிக்கு ஒரு படம் என்று தானே எடுத்துத் தள்ளும் டைம்லாப்ஸ் கடிகாரம். இன்னொரு தாவலில், இந்த கேமராவின் ஷட்டர் இதுவரை எத்தனை தடவை அடித்திருக்கிறது என்ற கணக்குக்கூட இருந்தது. பழைய கேமரா விற்கிறவர்கள் "சும்மா கொஞ்சம்தான் யூஸ் பண்ணது சார்" என்று சொல்வார்களே, அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று இங்கே தெரிந்துவிடும்.

அதே தாவலின் ஓரத்தில் ஒரு வரி: 'டோன்ட் க்ளிக் மீ!' என்னை அழுத்தாதே. ஆச்சரியக்குறியோடு.

"இது என்னடா?"

"அத மட்டும் தொடாதீங்கண்ணே."

சரி, அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த ரகசிய அறையின் பெயர் மேஜிக் லாண்டர்ன். கேனன் கம்பெனி கொடுத்ததல்ல. வெளியிலிருந்து சிலர், தங்கள் சொந்த ராத்திரிகளைச் செலவழித்து எழுதிய இலவச மென்பொருள். கேமராவின் அசல் ஃபர்ம்வேரை, அதாவது உள்ளே இருக்கும் மென்பொருளை, இது அழித்துவிட்டு உட்காருவதில்லை என்பதுதான் இதன் நாசூக்கு. கார்டில் 'ஆட்டோஎக்செக்' என்ற பெயரில் ஒரு சின்னக் கோப்பு இருக்கும். கேமராவுக்குள் ஒரே ஒரு கொடியை ஏற்றி வைத்துவிட்டால் போதும்: "எழுந்திருக்கும்போது முதலில் கார்டைப் பார், அங்கே ஏதாவது இருந்தால் அதை ஓட்டு" என்று அர்த்தம். அந்தக் கோப்பு நினைவகத்தில் ஏறி, கேனனின் மென்பொருள் பக்கத்திலேயே குடித்தனம் நடத்தும். வேறு சாதாரணக் கார்டைப் போட்டால் கேமரா பரம சாதுவாகப் பழையபடி வேலை செய்யும். வாடகைக்கு வந்தவர் வீட்டை இடிக்கவில்லை, நடு ஹாலில் ஊஞ்சல் மட்டும் கட்டியிருக்கிறார்.

ஏற்றுவது எப்படி என்று தம்பி என் கார்டிலேயே செய்து காட்டினான். முதலில் கேமராவின் ஃபர்ம்வேர் எண் பார்க்க வேண்டும். 550டி என்றால் 1.0.9, வேறு எண்ணே ஆகாது. ஏனென்றால் கேனனின் மென்பொருளுக்குள் எந்த வேலை எந்த முகவரியில் இருக்கிறது என்று தோண்டிக் கண்டுபிடித்து, அந்த முகவரிக்குத்தான் இது கடிதம் போடுகிறது. எண் மாறினால் முகவரி மாறும், கடிதம் வேறு வீட்டுக்குப் போகும். பார்த்தாயிற்று. கார்டை ஃபார்மட் செய்து, கோப்புகளைப் போட்டு, கேமராவின் மெனுவில் 'ஃபர்ம்வேர் அப்டேட்' அமுக்கினான். திரையில் எழுத்துகள் ஓடின. கார்டுக் கதவு ஓரத்துச் சிவப்பு விளக்கு சிமிட்டியது. எனக்குப் பிரசவ வார்டு வாசலில் நிற்பது போல இருந்தது. "இப்ப மட்டும் பேட்டரிய எடுத்துறாதீங்க" என்றான். எடுப்பேனா!

அந்தச் சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த மொத்தக் கதையின் கதாநாயகனே அதுதான்.

மேஜிக் லாண்டர்னுக்கு முன்பே, 2007 வாக்கில், கேனனின் சின்ன பவர்ஷாட் கேமராக்களுக்கு இப்படி ஒரு வேலை நடந்திருந்தது. சிஎச்டிகே என்று பெயர். சட்டைப்பையில் அடங்கும் குட்டி கேமரா, ஜேபெக் தவிர வேறெதுவும் தராது என்று கம்பெனி விற்றதை, பிழியாத ரா படம் எடுக்க வைத்தார்கள். ஒரு நிமிடத்துக்கும் மேல் ஷட்டரைத் திறந்து வைக்க வைத்தார்கள். கேமராவுக்கு உள்ளேயே சின்னச் சின்ன நிரல்கள் எழுதி ஓட்டலாம் என்றார்கள். சோகோபான் விளையாடலாம். ஆமாம், பெட்டி தள்ளும் விளையாட்டேதான், கேமராத் திரையில்! ஏன் என்று கேட்கக் கூடாது. முடியும் என்பதால்.

ஆனால் அதற்கெல்லாம் முதலில் கேமராவுக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் கையில் கிடைக்க வேண்டுமே. பூட்டிய பெட்டி. வெளியே எடுக்க வழியில்லை. கார்டிலிருந்து ஒரு குட்டி நிரலை ஓட்ட முடிந்தது, அவ்வளவுதான். அந்த நிரலுக்குக் கார்டில் கோப்பு எழுதக்கூடத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு விளக்கை ஏற்றி அணைப்பது.

விளக்கா? அது போதுமே என்றார்கள்!

நிரல் கேமராவின் நினைவகத்தை முதல் எழுத்திலிருந்து படிக்கும். படிப்பதை ஒன்றும் பூஜ்யமுமாக விளக்கில் சிமிட்டும். விளக்குக்கு முன்னால் ஒரு ஃபோட்டோ டிரான்சிஸ்டர், சில ரூபாய் சமாசாரம். அதன் கம்பியைக் கம்ப்யூட்டரின் மைக் ஓட்டையில் செருகிவிட்டால், சிமிட்டல் அப்படியே ஒலியாகப் பதிவாகும். ஒரு மோர்ஸ் தந்தி ஆபீஸ் மாதிரி மணிக்கணக்கில் கேமரா கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். கடைசியில் அந்த ஒலிக்கோப்பைத் திருப்பி எழுத்தாக்கினால் முழு ஃபர்ம்வேரும் கையில். கம்பெனி இரும்புக்கதவு போட்டுப் பூட்டியதை, ஜன்னல் வழியாகக் கண் ஜாடையிலேயே வாங்கிவிட்டார்கள்.

நான் இந்த இடத்தில் எழுந்து நின்றேன். தம்பி சிரித்தான்.

பவர்ஷாட்டில் இன்னும் ஒரு குறும்பு. எஸ்டி கார்டின் பக்கவாட்டில் 'லாக்' என்று ஒரு நகக்கண் அளவு தாழ்ப்பாள் இருக்குமில்லையா? அதைத் தள்ளினால் கார்டில் எழுத முடியாது என்றுதானே நினைக்கிறோம். உண்மையில் அது வெறும் பிளாஸ்டிக் துண்டு. அதன் நிலையைக் கவனிப்பது கார்டைச் செருகும் கருவிதான். கார்டுக்கே எதுவும் தெரியாது. தாழ்ப்பாள் பூட்டியிருந்து, கார்டும் அதற்கென்று தயார் செய்யப்பட்டிருந்தால், பவர்ஷாட் அதிலிருந்தே கிளம்பும்படி கேனனே உள்ளே வழி வைத்திருந்தது, தன் சொந்த வேலைக்காக. சிஎச்டிகே அந்த வழியாக நுழைந்துகொண்டது. நுழைந்ததும் முதல் வேலை, "கார்டு பூட்டியிருக்கிறது" என்ற பேச்சைக் கேமரா காதில் போட்டுக்கொள்ளாதபடி செய்வது. ஆக, பூட்டினால்தான் திறக்கும் கதவு. திருவிளையாடல்தான்.

இந்தக் குட்டி கேமராக்கள் பிறகு எங்கெல்லாமோ போயின. காற்றாடியில் கட்டி மேலிருந்து வயல்களைப் படம் பிடித்தார்கள். 2009 செப்டம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி மாணவர்கள் தெர்மகோல் பெட்டிக்குள் ஒரு பவர்ஷாட்டை வைத்து, ஹீலியம் பலூனில் கட்டி வானத்தில் விட்டார்கள். மொத்தச் செலவு 150 டாலருக்குள். கிட்டத்தட்ட 28 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, கறுத்த வானமும் பூமியின் வளைவுமாகப் படங்கள் இறங்கி வந்தன. அத்தனை உயரத்தில் பொத்தானை அமுக்கியது யார்? சிஎச்டிகே நிரல்தான்.

பெரிய கேமரா பக்கம் கதை வேறு. 2008-இன் கடைசியில் கேனன் 5டி மார்க் 2 வந்தது. முழு அளவு சென்சாரில் 1080 வீடியோ எடுத்த முதல் கேனன். சினிமாக்காரர்களுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஆனால் அதை ஸ்டில் கேமரா என்று நினைத்துச் செய்தவர்கள் ஒலியைப் பற்றிக் கவலைப்படவில்லை போலிருக்கிறது. யாரும் பேசாமல் இருந்தால் கேமரா தானே மைக்கின் அளவை ஏற்றிக்கொண்டே போகும். அறையின் மௌனம் 'உஸ்ஸ்' என்று பாம்பு மாதிரி சீறும். அடுத்த வசனம் வந்ததும் திடுக்கிட்டுக் குறைக்கும். அதை நிறுத்த வழியில்லை. டிராமெல் ஹட்சன் என்ற அமெரிக்க நிரலாளர் 2009-இல் இந்த எரிச்சலில்தான் கையை உள்ளே விட்டார். ஒலியைக் கையால் ஏற்றி இறக்கவும், அளவைத் திரையில் பார்க்கவும் ஒரு மெனு. அதுதான் மேஜிக் லாண்டர்ன் பிறந்த கதை. கேமராவைச் சீறாமல் இருக்க வைத்த கதை என்றும் சொல்லலாம். 2010 மார்ச்சில் கேனனே மைக் அளவைக் கையால் மாற்றும் வசதியை ஃபர்ம்வேரில் கொடுத்தது.

நம் ஊரிலும் அந்த வருடங்களில் குறும்படக் கூட்டம் முழுக்க 5டி, 7டி, 550டி என்றுதான் அலைந்தது. 2012-இல் வந்த 'வழக்கு எண் 18/9' 7டி-யில் எடுத்த படம். அந்த 7டி-க்குள் படத்தைக் கணக்கிடும் டிஜிக் சிப் ஒன்றுக்கு இரண்டாக இருந்ததால், மேஜிக் லாண்டர்ன் ஆட்களுக்கே தண்ணி காட்டியது. அதே 2012-இல்தான் அதன் கதவும் திறந்தது.

பிறகு வந்தது 2013 மே. இதைச் சொல்லும்போது தம்பிக்கு இன்றும் குரல் ஏறுகிறது.

சாதாரணமாக இந்தக் கேமராக்கள் வீடியோவைப் பிழிந்து, சக்கையாக்கி, சின்னக் கோப்பாகத் தரும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். ஆனால் சென்சாரிலிருந்து வருவது 14 பிட், அதாவது 16,384 படிகள். மேஜிக் லாண்டர்ன் ஆட்கள் நேரடிக் காட்சி ஓடும்போது அந்தப் பிழியாத சரக்கு நினைவகத்தில் எங்கே வந்து விழுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அதை அப்படியே வாளியில் பிடித்துக் கார்டில் ஊற்றினால்? ரா வீடியோ! (தமிழில் 'ரா' என்றால் இரவு. இந்தக் கூட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.)

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1920-க்கு 1080, ஒவ்வொரு புள்ளிக்கும் 14 பிட், நொடிக்கு 24 ஃப்ரேம். நொடிக்கு ஏறக்குறைய 87 மெகாபைட். ஒரு நிமிடத்துக்கு 5 ஜிபிக்கு மேல். 64 ஜிபி கார்டு பன்னிரண்டு நிமிடத்தில் கோவிந்தா. 5டி மார்க் 3-இல் வேகமான சிஎஃப் கார்டு இதைத் தாங்கியது. அந்த கேமராவில் ஓர் அதிர்ஷ்டமும் இருந்தது: படத்தின் அகலம் 5760 புள்ளி, வீடியோவுக்காக மூன்றால் வகுத்தால் கச்சிதமாக 1920. யாரோ வேண்டுமென்றே தைத்துக் கொடுத்த சட்டை மாதிரி! மார்க் 2-க்கு 5616, வகுத்தால் 1872. கை கொஞ்சம் குட்டை.

என் 550டி-யின் குழாயோ நொடிக்கு இருபது மெகாபைட் சொச்சம்தான் கொடுக்கும். லாரித் தண்ணீரை இடியாப்பக் குழலில் பிடிப்பது போல. அந்த ராத்திரியே ஆசைப்பட்டு முழு அகலத்தில் பதிவு அமுக்கினேன். ஒரே ஒரு மூச்சு விடுவதற்குள் நின்றுவிட்டது. நடுவில் வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி. தம்பி அகலத்தைக் குறைத்துக் குறைத்து 960-க்குக் கொண்டுவந்தான். அப்போது ஓடியது. சின்னச் சதுரம், ஆனால் டியூப்லைட்டுக்கு நேரே காட்டி எடுத்ததில், கம்ப்யூட்டரில் இழுத்து இறக்கியபோது டியூப்பின் மேல் எழுதியிருந்த வாட் எண் தெரிந்தது. என் பழைய வீடியோவில் அது வெறும் வெள்ளைக் கோடு.

இதற்குள் மணி ஒன்று. டீ போட வேண்டியிருந்தது.

டூயல் ஐஎஸ்ஓ என்று ஒன்று இருக்கிறது. நிஜமாகவே பைத்தியக்காரத்தனம், நிஜமாகவே வேலை செய்கிறது. 2013 ஜூலையில் வந்தது. சென்சாரின் இரண்டு வரிகளை ஐஎஸ்ஓ 100-இலும், அடுத்த இரண்டு வரிகளை 1600-இலும் படிப்பது. இப்படியே மாற்றி மாற்றி, ஒரே க்ளிக்கில். எடுத்த படத்தைத் திரையில் பார்த்தால் ஜமுக்காளம் மாதிரி பட்டை பட்டையாக இருக்கும், பயந்துவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் ஒரு சின்னப் பரிகாரம் செய்தால் பட்டை போய்விடும்: 100-இல் படித்த வரிகள் ஜன்னலுக்கு வெளியே வெயிலைக் காப்பாற்றியிருக்கும், 1600-இல் படித்த வரிகள் அறைக்குள் இருட்டைக் காப்பாற்றியிருக்கும். 5டி மார்க் 3-இல் பதினோரு ஸ்டாப்பாக இருந்த வெளிச்ச வீச்சு பதினான்கு வரை போனது. இலவசமில்லை: ரொம்ப வெளிச்சமான, ரொம்ப இருண்ட இடங்களில் பாதி வரிகள்தான் மிஞ்சும், நுணுக்கம் குறையும். ஆனாலும் இரண்டு படம் எடுத்து ஒட்டுகிற வேலை இல்லை, நடுவில் குழந்தை நகர்ந்துவிட்டதே என்ற புலம்பல் இல்லை. என்னைக் கேட்டால், இந்த மொத்தச் சமாசாரத்திலும் கும்பிட வேண்டியது இதைத்தான்.

மறுநாள் காலை நான் மயங்கிக் கிடந்தது வேறொன்றில். டிராப் ஃபோகஸ். ஃபோகஸைக் கையால் ஓரிடத்தில் வைத்துவிட வேண்டும். அந்த இடத்துக்குள் ஏதாவது வந்து கூர்மையாகும் நொடியில் கேமரா தானே சுடும். எங்கள் மதில்மேல் முருங்கைக் கிளை உரசும் இடத்தில் ஒரு அணில் வாடிக்கையாக வரும். கேமராவை ஸ்டூலில் வைத்து, லென்ஸை அந்தக் காரை பெயர்ந்த இடத்துக்குக் குறிவைத்துவிட்டு, நான் உள்ளே தோசை தின்றுகொண்டிருந்தேன். க்ளக். ஓடிப்போய்ப் பார்த்தால் காக்கா வால். மறுபடி தோசை. க்ளக். மறுபடி ஓட்டம்: வெறும் இலை, காற்று. மூன்றாவது க்ளக்கில் அணில், முன்னங்கால் இரண்டும் நெஞ்சில், மீசை ஒவ்வொன்றாக எண்ணலாம். படத்தில் நான் இல்லை, என் கையும் இல்லை. பெயர் மட்டும் என்னுடையது.

பெருமையடித்துக்கொண்டே போகிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். ஒரு வாரம் கழித்து நண்பரின் குறும்படத்துக்கு இதே செட்டப்போடு போனேன். புதிதாக வாங்கிய கார்டு, மேலே கொட்டை எழுத்தில் வேகம் போட்டிருந்தது. நாலாவது ஷாட்டில் பாதிக்குமேல் கறுப்பு ஃப்ரேம்கள். கார்டைச் சோதித்தால், எழுதியிருந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது, போலிச் சரக்கு. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மனைவிதான், "அண்ணே, போன்லயே எடுத்திருக்கலாமோ?" என்றார். கல்யாண ஆர்டருக்கு இதை எடுத்துப்போகாதீர்கள் என்று தம்பி அன்றைக்கே சொல்லியிருந்தான். தாலி கட்டும்போது கேமரா உறைந்து நின்றால் ரீடேக் கிடையாது. கேமராவே போய்விட்டால் அதைச் செங்கல் என்பார்கள், ஆங்கிலத்திலும் அதே வார்த்தைதான். அப்படி ஆவது அபூர்வம், ஆனால் பொறுப்பு நம்முடையது. மென்பொருளோடு வரும் குறிப்பே அதைத்தான் சொல்கிறது. கார்டுக் கதவைத் திறந்தால் விளக்கு அணையும்வரை பொறுத்திருந்து உருவ வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது ஆகாது.

இதை எழுதியவர்களின் குணம் எனக்குப் பிடித்துப்போனதற்கு ஏப்ரல் ஒன்றும் ஒரு காரணம். 2015 ஏப்ரல் 1 அன்று, கேனன் கேமராவில் லினக்ஸ் ஓட்டிவிட்டோம் என்று அறிவித்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். உண்மை. 2017 ஏப்ரல் 1 அன்று, 5டி மார்க் 3-இல் 4கே ரா வீடியோ என்றார்கள். இந்தத் தடவை ஏமாற மாட்டோம் என்று எல்லாரும் கெட்டியாகச் சிரித்தார்கள். அதுவும் உண்மை! ஊரே பொய் சொல்லும் நாளில் உண்மையைச் சொல்லி ஏமாற்றுகிற ஆட்கள். அப்புறம் சில வருடம் வேலை தூங்கிப்போயிருந்தது; 2025-இல் புதுக் கைகள் சேர்ந்து மறுபடி வெளியீடு வந்திருக்கிறது.

நிற்க, அந்த முதல் ராத்திரிக்கே போகிறேன். மணி இரண்டேகால். தம்பி டம்ளர் கழுவக் கீழே போயிருந்தான். கேமரா என் மடியில். குப்பைத்தொட்டியை அமுக்கி, அந்தத் தாவலுக்குப் போனேன். 'டோன்ட் க்ளிக் மீ!' அங்கேயே இருந்தது. நிரல் எழுதுகிறவர்கள் புதிதாக எதையாவது சோதித்துப் பார்க்கத் தங்களுக்காக வைத்துக்கொண்ட வரி அது. கடைசியாக யார் எதை உள்ளே விட்டுவிட்டுப் போனாரோ, அது ஓடும். அதற்குள் என்ன இருக்கிறது என்று மெனுவில் உருப்படியான விளக்கம் கிடையாது.

மாடிப்படியில் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை. அமுக்கினேன்.

திரை ஒரு கணம் இருண்டது. சிவப்பு விளக்கு சிமிட்டியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. பிறகு மெனு எதுவுமே நடக்காத மாதிரி திரும்ப வந்து நின்றது.

தம்பி வாசலில் ஈரக் கையோடு நின்றுகொண்டிருந்தான்.

"அமுக்கிட்டீங்களாண்ணே?"

"இல்லையே" என்றேன்.